எதிர்ப்பல்

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்று ஒரு பழமொழி உண்டு. எனக்குப் போனது முன்பல் அல்ல, கடைவாய்ப் பல். ஆகவே என் சொல் தப்பித்துக்கொண்டது என்றுதான் நினைத்திருந்தேன். தப்பிக்கவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு நான்கு வருஷங்கள் ஆயின.

கீழ்வரிசையில், இடது பக்கத்தில் இருந்த பல் அது. ஆறு வயசு வாக்கில் முளைக்கும் பல். பால்பற்கள் விழுந்து முளைக்கிறவற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. விழுந்த பல்லைக் கூரைமேல் எறிவதும், புதுப்பல் எட்டிப் பார்த்ததும் கண்ணாடியில் பார்த்துப் பூரிப்பதுமாகக் குழந்தைகள் கொண்டாடுவார்கள். இந்தப் பல்லுக்கு அந்த மரியாதை கிடையாது. எந்தப் பால்பல்லையும் தள்ளாமல், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மூலையில் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது வந்த நாள் தாயாருக்கும் தெரியாது. ஆனால் ஆயுள் முழுவதும் அரைக்கிற வேலையில் பெரும்பங்கு அதன் தலையில்தான் விழுகிறது.

என் பல் ஐம்பது வருஷம் அந்த வேலையைச் செய்தது. பிறகு சொத்தை விழுந்தது. வலிக்கும்போதெல்லாம் கிராம்புத் தைலம் தடவியே இரண்டு வருஷம் ஓட்டினேன். கடைசியில் கும்பகோணத்தில் ஒரு பல் டாக்டரிடம் போனபோது, "வேர் வரைக்கும் போயிடுத்து சார். எடுக்க வேண்டியதுதான்" என்றார். எடுத்தார். ஊசி போட்டிருந்ததால் வலி தெரியவில்லை. எலும்பில் ஏதோ மளுக்கென்று விட்டுக்கொடுத்த சத்தம் மட்டும் காதுக்குள் கேட்டது.

அன்றிரவிலிருந்து ஒரு வாரம் நான் பட்ட அவஸ்தை பல் எடுத்த இடத்தில் அல்ல. வாயை மூடினால் மூடின மாதிரி இல்லை. மேல் வரிசையும் கீழ் வரிசையும் யாரோ வேறு இரண்டு பேருடைய வாயிலிருந்து கொண்டுவந்து பொருத்தியவை போல இருந்தன. வலது பக்கத்துப் பல் ஒன்று மற்றவற்றுக்கு முன்னால் முந்திக்கொண்டு இடித்தது. காதுக்கு முன்னால், தாடை அசைகிற மூட்டில், ஒரு கனம். வாயை அகலத் திறந்தால் இரண்டு விரல்கூட நுழையவில்லை. ஒரு பல்லை எடுக்கப் போய் என் தாடையையே இடம் பெயர்த்துவிட்டார் என்று தீர்மானித்து, சண்டைக்குத் தயாராக டாக்டரிடம் போனேன்.

அவர் வாயைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பல் ஒண்ணும் நகரலை சார். நீங்கதான் நகர்ந்து கடிக்கிறீங்க."

விளக்கமும் சொன்னார். வாயை நெடுநேரம் திறந்து வைத்திருந்ததாலும், ஊசி போட்ட இடம் கன்றிப்போனதாலும் தாடைத் தசைகள் இறுகிவிடும். காயம்பட்ட இடத்தைக் காப்பாற்றவேண்டும் என்று நமக்குத் தெரியாமலே தாடையை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கடிப்போம். தூக்கத்தில் பல்லைக் கடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. வாய் மூடியிருக்கும்போதுகூட மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாதாம். சும்மா இருக்கும் வாயில் இரண்டுக்கும் நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டும். நான் இரவும் பகலும் நெரித்துக்கொண்டிருந்தேன். "வெந்நீர் ஒத்தடம் கொடுங்க. மெதுவானதா சாப்பிடுங்க. பத்து நாளில் சரியாப் போயிடும்" என்றார். அப்படியே சரியாகிவிட்டது.

புறப்படும்போது இன்னொன்றும் சொன்னார். "இதுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா அந்தக் காலி இடத்தை அப்படியே விட்டுடாதீங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க, ஏதாவது வைக்கணும்."

நான் போகவில்லை. வலிக்கிறபோது ஓடினேன். வலி நின்ற பிறகு எதற்குப் போகவேண்டும்? ஒரு பல்தானே. வாயில் இன்னும் நிறைய இருக்கின்றன. வெளியே தெரிகிற இடமும் அல்ல. அண்மையில் ஒருநாள், இடது பக்கம் முறுக்குத் துண்டு ஒன்று சிக்கிக்கொண்டு எடுக்கவே வரவில்லை. நான்கு வருஷம் கழித்து அப்போதுதான் மறுபடியும் அவரிடம் போனேன். அவர் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினார். காலி இடத்துக்குப் பின்னால் இருந்த பல், முன்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது, அசதியில் பக்கத்து ஆள் தோளில் தூங்கிவிழும் ரெயில் பிரயாணி மாதிரி. மேல்வரிசையில் அதற்கு எதிரே இருந்த பல், தடுக்க ஆளில்லாமல், மற்றப் பற்களைவிட நீண்டு கீழே இறங்கியிருந்தது. நான்கு வருஷமாக என் வாய்க்குள்ளே நடந்தது இது. எனக்கு ஒரு நாள்கூட வலிக்கவில்லை.

பற்கள் சுவரில் பதித்த செங்கல் போல அசையாமல் நிற்கின்றன என்று நான் எண்ணியிருந்தேன். டாக்டர் அதைத் திருத்தினார். பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் கனத்தில் மெல்லிய நார்த்திசு ஒன்று இருக்கிறது. பல் அந்த நாரில்தான் தொங்குகிறது. சோற்றில் ஒரு மயிரிழை கிடந்தாலும் பல்லுக்குத் தெரிந்துவிடுகிறதே, அந்த உணர்வும் அந்த நாரிலிருந்துதான். பல் ஓர் இடத்தில் நிற்பது அதன் சொந்த பலத்தால் மட்டும் அல்ல. பக்கத்துப் பல் ஒட்டி நிற்கிறது, உள்ளேயிருந்து நாக்கு தள்ளுகிறது, வெளியேயிருந்து கன்னம் அணைக்கிறது, எதிர்ப்பல் தினமும் வந்து மோதுகிறது. இத்தனை பேர் நெருக்குவதால்தான் அது நேராக நிற்கிறது. ஒன்று விலகினால் மற்றவை தம் கணக்கைத் திருத்திக்கொள்ளத் தொடங்கும். எல்லோருக்கும் ஒரே அளவில் இது நேர்வதில்லை. சிலருக்குச் சொற்பம், சிலருக்கு அதிகம்.

எலும்பின் கதை இன்னும் விசித்திரமானது. பல்லைப் பிடித்திருக்கும் அந்த விளிம்பு எலும்பு, பல்லோடு சேர்ந்து உண்டாகி, பல்லுக்காகவே இருப்பது. பல் போனதும் குழியில் முதலில் ரத்தம் உறைகிறது. சில வாரங்களில் ஈறு மூடுகிறது, சில மாதங்களில் குழி எலும்பால் நிரம்புகிறது. பார்க்கிறவர்களுக்குப் புண் அழகாக ஆறிவிட்டது. அதே சமயத்தில் விளிம்பு தேய்ந்துகொண்டே வரும். ஒரு வருஷத்தில் அகலத்தில் ஏறக்குறையப் பாதிகூடப் போய்விடலாம். தாங்குவதற்கு ஒன்றும் இல்லாதபோது தாங்குகிறது எதற்கு என்று அது விலகிக்கொள்கிறது போலும்.

காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று நாம் துக்கம் கேட்கப் போகிற வீடுகளிலெல்லாம் சொல்லிவிட்டு வருகிறோம். பொய் இல்லை. காலம் புண்ணை ஆற்றுகிறது. ஆனால் அதே காலம்தான், அதே கையால், பக்கத்துப் பல்லைச் சாய்க்கவும் செய்கிறது. முதல் வாரம் நான் எதை ஆபத்து என்று பயந்தேனோ அது பத்து நாளில் போய்விட்டது. எது உண்மையான மாறுதலோ அது பயமுறுத்தாமலே வந்தது. டாக்டர் வீட்டிலிருந்து திரும்பி வரும்போது காவேரிப் படித்துறைப் பக்கமாக நடந்து வந்தேன். அந்தப் படியில்தான் எனக்கு வாத்தியாருடைய நினைவு வந்தது.

வாத்தியார் என்று நான் கூப்பிட்டது ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற மனிதரை. இருபது வருஷம் என் எழுத்துப் பிரதிகளை அச்சுக்குப் போகுமுன் வாசித்தவர். மாலை ஆறு மணிக்குப் படித்துறையில் நாங்கள் ஐந்து பேர் கூடுவோம். இருட்டிய பிறகு மற்ற மூவரும் போய்விடுவார்கள். அவர் மடியிலிருந்து என் காகிதங்களை எடுப்பார். சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருக்கும். "ஓய், இந்தப் பாராவை யாருக்காக எழுதினீர்? கதைக்கா, உமக்கா?" என்பார். எனக்கு ஆத்திரமாக வரும். இருபது வருஷத்தில் நான் அவரோடு சண்டை போடாத வாரம் கிடையாது. இவர் மட்டும் இல்லாவிட்டால் நான் நிம்மதியாக எழுதுவேன் என்று மனசுக்குள் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

பல் எடுப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு அவர் காலமானார். முதல் ஒரு மாதம் நான் எழுதவில்லை. சரியாகச் சாப்பிடவில்லை. ஆறு மணி அடித்தால் கால் தானாகச் செருப்பைத் தேடும். உலகம் மூடினால் மூடின மாதிரி இல்லை. இரங்கல் கூட்டத்தில் பேசினேன், பத்திரிகையில் எழுதினேன், எழுதும்போது அழுதேன். இரண்டு மாதத்தில் எல்லாம் சமனப்பட்டது. நண்பனை இழந்த கடமையைக் குறைவில்லாமல் செய்து முடித்துவிட்டதாக எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்கிற மாதிரி அன்று படித்துறையில் உட்கார்ந்து பார்த்தேன்.

அந்தப் படித்துறைக் கூட்டம் என்ன ஆயிற்று? மூவரில் ஒருவர் கூச்ச சுபாவி. வாத்தியார் கேள்வி கேட்டு இழுத்தால்தான் பேசுவார், பேசினால் பொன்னாக இருக்கும். இன்னொருவருக்கு ஊர் வம்பில் ருசி. வாத்தியார் முகத்தைச் சுளித்தால் அடங்கிவிடுவார். இப்போது வம்பு பேசுகிறவர் காலி இடத்துக்குள் சாய்ந்துவிட்டார். கூச்சக்காரர் வருவதை நிறுத்தி மூன்று வருஷம் ஆயிற்று. யாரும் யாரையும் விரட்டவில்லை. சண்டை இல்லை. சாய்ந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் என்ன ஆயிற்று? ஒரு பக்கம் பல் போனவன் மறுபக்கத்திலேயே மெல்லுகிறான். வாத்தியாரிடம் இறக்கி வைத்துக்கொண்டிருந்த என் பேச்சு, சந்தேகம், எரிச்சல் எல்லாவற்றையும் என் மனைவியின்மேல் போட்டேன். அவள் அடுப்படியில் நின்றபடி கதையின் ஆறாம் அத்தியாயத்தைக் கேட்கவேண்டியிருந்தது. கேட்டாள், வருஷக்கணக்காக. அது அவளுக்குப் பாரமாக இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. எனக்கு வலிக்கவில்லை அல்லவா?

எதிர்ப்பல் என்ன ஆயிற்று? அது நான்தான். தடுப்பார் இல்லாமல் நான் நீண்டு இறங்கியிருந்தேன். வாத்தியார் போன பிறகு எழுதிய இரண்டு நாவல்களும் முந்தியவற்றைவிட ஒன்றரை மடங்கு பெரியவை. அதை வளர்ச்சி என்று நினைத்தேன். ஒருநாள் ஓர் அத்தியாயத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு, "வாத்தியார் இருந்தா இதை விட்டிருக்க மாட்டார்" என்றாள். அவளோடு இரண்டு நாள் பேசவில்லை நான். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பது பழமொழி. என் விஷயத்தில், போன பல் வாத்தியார். என் சொல் போகவில்லை, கட்டுக்கடங்காமல் வளர்ந்துவிட்டது. இரண்டும் ஒரே கேடுதான்.

இங்கே ஒரு கேள்வி எழும். இருக்கிறதை அனுசரித்துப் போவது நல்ல குணம் அல்லவா? இழந்ததையே நினைத்துக்கொண்டிராமல் புதிய நிலைமைக்கு ஏற்ப மாறிக்கொள்வதைத்தானே பெரியவர்கள் பக்குவம் என்கிறார்கள்? நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் சாய்ந்த பல்லும் அனுசரித்துத்தான் போயிற்று. அந்தச் சாய்வில் சோறு தங்கும், தூரிகை நுழையாது, ஈறு வீங்கும், நல்ல பல்லும் சொத்தையாகும். தெரிந்து மாறுவது பக்குவம். தெரியாமல் மாறுவதற்கு அந்தப் பெயர் பொருந்துமா? ஒருவன் தன் வீட்டில் யார் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல், "நாங்கள் எல்லோரும் பழகிவிட்டோம்" என்று சொன்னால், அந்தப் பழக்கத்தை நான் இப்போது சந்தேகிக்கிறேன்.

அப்படியானால் காலி இடத்தை உடனே நிரப்பிவிடலாமா? அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் ஜான் ஹண்டர் என்று பேர்போன அறுவை வைத்தியர் இருந்தார். 1771-ல் மனிதப் பற்களைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டவர். மனிதப் பல் ஒன்றைச் சேவலின் கொண்டையில் நட்டு வைத்துப் பரிசோதித்தவர். ஒருவர் பல்லை இன்னொருவர் வாயில் நடுவது அந்தக் காலத்தில் பணக்காரர்களிடையே வழக்கத்துக்கு வந்தது. 1787-ல் தாமஸ் ரோலண்ட்சன் அதைக் கேலிச் சித்திரமாக வரைந்தார். புகைக்கூண்டு சுத்தம் செய்யும் ஏழைப் பையனின் வாயிலிருந்து, சீமாட்டிக்காகப் பல்லைப் பிடுங்குகிற காட்சி. ஜார்ஜ் வாஷிங்டன் 1789-ல் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவருடைய பண்ணைக் கணக்கில், 1784-ஆம் வருஷம், ஒன்பது பற்களுக்காகக் கறுப்பின மக்களுக்குப் பணம் கொடுத்ததாக ஒரு குறிப்பு இருக்கிறது. தன் வாயில் உள்ள இடைவெளியை நிரப்ப இன்னொருவன் வாயில் இடைவெளி உண்டாக்குவது என்ன நியாயம்?

அவர்களைக் கேட்பது சுலபம். நானும் அதைச் செய்திருக்கிறேன். வாத்தியார் போன அடுத்த வருஷம் ஓர் இளைஞன் என்னைத் தேடி வந்தான். கதைகள் எழுதுகிறவன், என் புத்தகங்களில் பிரியம் உள்ளவன். நான் அவனை வாத்தியாருடைய இடத்தில் உட்காரவைத்தேன். மாலைதோறும் என்னோடு நடக்கவைத்தேன், என் பிரதிகளை வாசிக்கக் கொடுத்தேன். ஒரே ஒரு முறை, ஒரு முடிவு சரியாக இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். என் முகம் எப்படி ஆயிற்றோ, அதன்பிறகு அவன் எல்லாவற்றையும் பிரமாதம் என்றான். அவன் தன் கதைகளை எழுதவேண்டிய மாலைகளை நான் வாங்கி என் வாயில் நட்டுக்கொண்டேன். இரண்டு வருஷத்தில் அவன் வருவது குறைந்தது. அவனை நன்றி இல்லாதவன் என்று சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் நேர் எதிரான தப்பையும் செய்தேன். "வாத்தியார் இடத்தில் இனி யாருக்கும் இடம் கிடையாது" என்று நண்பர்களிடம் சொல்ல ஆரம்பித்தேன். கேட்டவர்கள் நெகிழ்ந்தார்கள். எனக்கும் அது பெரிய விசுவாசமாகத் தோன்றிற்று. இப்போது யோசித்தால், அந்த விசுவாசத்தில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. இடம் காலியாக இருக்கும்வரை என்னைத் திருத்துவதற்கு ஆள் கிடையாது. இறந்தவருக்கு மாலை போட்டுவிட்டு, அவர் செய்த வேலையை யாரும் செய்யாதபடி பார்த்துக்கொண்டேன். வாத்தியார் தம்மை நினைக்கவேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பாராவை எடுக்கவேண்டும் என்றுதான் கேட்டார்.

மனிதனின் இடம் வேறு, அவன் செய்த வேலை வேறு என்று எனக்கு அப்போதுதான் பட்டது. இடத்தை நிரப்ப யாராலும் முடியாது, நிரப்பவும் வேண்டாம். வேலை நிற்கக் கூடாது. நின்றால் கோணுவது இறந்தவர் அல்ல, இருக்கிறவர்கள்.

டாக்டர் எனக்கு மூன்று வழிகள் சொன்னார். கழற்றி மாட்டுகிற பல் ஒன்று. இரண்டு பக்கத்துப் பற்களையும் தேய்த்து அவற்றின்மேல் நிறுத்துகிற பாலம் ஒன்று. எலும்பிலேயே டைட்டானியம் திருகை இறக்கி அதன்மேல் பல் வைப்பது மூன்றாவது. பிரோனெமார்க் என்ற ஸ்வீடன் தேசத்து வைத்தியர் 1965-ல் முதன்முதலாக ஒரு மனிதனுக்குச் செய்து காட்டிய முறை அது. உறுதியானது, ஆனால் நடுவே அந்த மெல்லிய நார் இல்லை. அதனால் இயற்கைப் பல்லுக்கு உள்ள நுட்பமான உணர்வு அதற்குக் கிடையாது. நான் பாலத்துக்குச் சம்மதித்தேன். பக்கத்துப் பற்கள் தங்கள் உடம்பில் கொஞ்சம் இழந்தால்தான் பாலம் நிற்கும் என்பது எனக்கு நியாயமாகப் பட்டது. போனவருடைய வேலையைச் சும்மா பெற முடியுமா?

"அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யணும் சார்" என்றார் டாக்டர். "மேல் பல் கீழே இறங்கியிருக்கு. அதைக் கொஞ்சம் தேய்ச்சாத்தான் புதுப் பல்லுக்கு இடமே வரும்."

நான் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டேன். என் வாழ்க்கையில் எனக்குச் சொன்ன புத்திமதிகளில் இதைவிடப் பொருத்தமானது ஒன்று இருந்ததாக நினைவில்லை. இளைஞன் ஏன் தோற்றான் என்று அப்போது புரிந்தது. அவன் உட்காருவதற்கு இடமே இல்லை. நான்தான் அங்கே இறங்கி நின்றுகொண்டிருந்தேன்.

பாலம் வைத்த அன்று, நீலநிறத்தில் மெல்லிய காகிதம் ஒன்றைப் பற்களுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொன்னார். எங்கே அதிகமாக இடிக்கிறதோ அங்கே கறை படும். கறையைத் தேய்ப்பார், மறுபடி கடிக்கச் சொல்வார். ஒரு மயிரிழை உயரமாக இருந்தாலும் தாடை முழுவதும் வலிக்கும், தாழ்ந்திருந்தால் வைத்ததில் பிரயோஜனம் இல்லை. ஏழெட்டுத் தடவை கடித்தேன்.

அந்த வாரம் கூச்சக்கார நண்பர் வீட்டுக்குப் போய் அவரைக் கையோடு படித்துறைக்கு அழைத்து வந்தேன். முதல் நாள் அவர் மூன்று வார்த்தைதான் பேசினார். மனைவிக்கு ஆறாம் அத்தியாயத்திலிருந்து விடுதலை கொடுத்தேன். "ஏன், கோபமா?" என்று கேட்டாள்.

பிறகு, கைவசம் இருந்த நாவலை எடுத்து, வாத்தியார் சிவப்புப் பென்சிலால் எதையெல்லாம் அடித்திருப்பாரோ அதையெல்லாம் நானே அடித்தேன். அறுபத்திரண்டு பக்கம் போயிற்று. மிச்சத்தை எடுத்துக்கொண்டு அந்த இளைஞன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய கதை ஒன்றை நான் வாசிப்பது, என்னுடையதை அவன் வாசிப்பது என்று பேசிக்கொண்டோம். பத்து நாள் கழித்துப் பிரதி திரும்பி வந்தது. நூற்றெண்பது பக்கத்தில் ஒரே ஒரு வரியின்கீழ் பென்சில் கோடு. பயந்து பயந்து போட்ட மெல்லிய கோடு.

எனக்கு மிகவும் பிடித்த வரி அது. இரண்டு நாளாகச் சுருக்கென்று வலித்துக்கொண்டிருக்கிறது. எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.